மதுரைக்குக் குடும்பத்தோடு மூன்று நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

மீனாட்சியம்மன் கோயில் நடை மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால், மறுபடி திறக்க நான்கு மணி ஆகும். இந்த ஒரு விஷயத்தை வைத்துத் திட்டம் போட்டாலே மதுரைப் பயணத்தில் பாதி வேலை முடிந்தது. வெயில் ஏறுமுன் ஊருக்கு வெளியே ஒரு மலை, மதியம் அறையில் தூக்கம், சாயங்காலம் கோயிலும் கடைவீதியும், ராத்திரி சாப்பாடு. குழந்தைகள், வயசானவர்கள் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிடச் சரியான வரிசை எனக்குத் தெரியாது.

படி 1: மாதத்தையும் தங்கும் இடத்தையும் முடிவு பண்ணுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். சித்திரைத் திருவிழா வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டியதுதான், ஆனால் கைக்குழந்தையோடு முதல் பயணத்துக்கு அந்தக் கூட்டம் வேண்டாம்.

அறையை ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவே, டவுன் ஹால் ரோடு, மேல மாசி வீதிப் பக்கமாக எடுங்கள். புறவழிச்சாலைப் பக்கம் வாடகை குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் மதியம் வந்து படுத்து எழுந்து, சாயங்காலம் நடந்தே கோயிலுக்குப் போகும் வசதி அங்கே இருக்காது.

படி 2: வீதிக் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள்

கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் நான்கு திசை. ரயில் நிலையம் இருப்பது மேல வெளி வீதி. இதை ரயிலிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், வழியை அவர்களே சொல்வார்கள்.

படி 3: முதல் நாள் சாயங்காலம் கோயில்

போனை உள்ளே விடமாட்டார்கள். 2018இல் கோயிலில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு. வாசலிலேயே செருப்பையும் போனையும் வைத்து டோக்கன் வாங்க வேண்டும். முதல்முறை வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். கோபுரங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். தெற்கே நுழைந்தவர் மேற்கே வெளியே வந்துவிட்டால், வெறுங்காலோடு சித்திரை வீதியில் கால் சுற்று நடக்க வேண்டும்.

அதனால் உள்ளே போகுமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். எந்தக் கோபுர வாசலில் நுழைந்தோம் என்று ஆளுக்கொரு தடவை சொல்லச் சொல்லுங்கள். யாராவது பிரிந்துவிட்டால் பொற்றாமரைக் குளத்துப் படிக்கு வந்து உட்கார வேண்டும் என்று பேசி வையுங்கள். உள்ளே யாரையும் போனில் கூப்பிட முடியாது, நினைவிருக்கட்டும்.

அம்மன் சன்னதி, சுவாமி சன்னதி, முக்குறுணி விநாயகர் தரிசனம் முடிந்ததும் ஆயிரங்கால் மண்டபம் போங்கள். தூண்கள் உண்மையில் 985. தெம்பு இருந்தால் ராத்திரி பள்ளியறைப் பூஜை வரை இருங்கள். சொக்கநாதரின் பாதுகை பல்லக்கில் ஏறி அம்மன் சன்னதிக்கு வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. எத்தனை மணிக்கு என்று உள்ளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 4: ராத்திரிச் சாப்பாடு

கறிதோசை முதலில். கல்லில் மாவை ஊற்றி, மேலே முட்டையை உடைத்துப் பரப்பி, அதன்மேல் மட்டன் சுக்காவை அள்ளிப் போட்டுத் திருப்பிவிடுவார்கள். தடிமனாக இருக்கும், ஒன்று வாங்கி இரண்டு பேர் பகிரலாம். பன் பரோட்டாவைச் சால்னாவில் ஊறவிட்டுச் சாப்பிடுங்கள். சைவக் குடும்பம் என்றால் மாசி வீதிப் பக்கத்து இட்லிக் கடைகள் போதும்: மெத்தென்ற இட்லி, இலை முழுக்கச் சட்னி. காரம் தூக்கலாக இருக்கும், குழந்தைக்கு ஒரு கிண்ணம் சர்க்கரை கேட்டு வையுங்கள்.

ஜிகர்தண்டாவை விளக்குத்தூண் பக்கம் குடியுங்கள். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம், வயிறு நிரம்பிவிடும். சளி பிடித்த பிள்ளைக்குப் பருத்திப்பால் இருக்கிறது: பருத்தி விதைப் பாலில் கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கு தட்டிச் சூடாகக் கொடுப்பார்கள்.

படி 5: இரண்டாம் நாள், ஒரு மலை போதும்

சமணர்மலை, அழகர்மலை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஏறக்கூடிய பிள்ளைகள் இருந்தால் என் ஓட்டு சமணர்மலைக்கு. தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை போய்க் கீழக்குயில்குடிக்குத் திரும்ப வேண்டும். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே பழந்தமிழ் எழுத்தான வட்டெழுத்து. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அந்தக் குகைக்குள் குனிந்து மேலே பாருங்கள்: சிங்கத்தின் மேல் அமர்ந்த பெண் தெய்வம், யானைமேல் வருபவரோடு போரிடுகிறாள். சின்னச் சிற்பம்தான், பிள்ளைகள் அதைவிட்டு நகரமாட்டார்கள். ஆறரைக்கே ஏறத் தொடங்குங்கள். ஒன்பதரைக்குமேல் பாறை சுடும். மேலே கடை கிடையாது, தண்ணீரைச் சுமந்துகொண்டு போங்கள்.

பெரியவர்கள் இருந்தால் அழகர்கோயில். ஊரிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம், டவுன் பஸ் உண்டு. பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட்டு, கள்ளழகரைப் பார்த்து, பழமுதிர்சோலைக்கு வண்டியில் ஏறிவிடலாம். அதற்கும் மேலே நூபுர கங்கைத் தீர்த்தம். கோயில் பிரசாதமான தோசையை வாங்காமல் இறங்காதீர்கள்: உளுந்து, மிளகு, சுக்கு மணக்க நெய்யில் வெந்த தடித்த தோசை. அதைக் கையில் தெரியும்படி பிடிக்காமல் பைக்குள் போட்டு மூடுங்கள். குரங்குகள் ஏராளம்.

கொடைக்கானலையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். போகவே மூன்று மணி நேரத்துக்குமேல், மலைப்பாதையில் வாந்தி வேறு. அதற்குத் தனிப் பயணம் வையுங்கள்.

சாயங்காலம் திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டிய அரண்மனையில் நாம் பார்ப்பது மிச்சம் நிற்கும் ஒரு பகுதியை மட்டும்தான், அதற்கே அந்தத் தூண்களைக் கட்டிப்பிடிக்க மூன்று பேர் கைகோக்க வேண்டும்.

படி 6: கடைசி நாள் கீழடி

ராமேஸ்வரம் சாலையில் 12 கிலோமீட்டர் வாக்கில். அங்கே அகழாய்வில் கிடைத்த பொருள்களுக்காக 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடுபோலக் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளை முதலில் விளையாட்டுப் பொருள் இருக்கும் பக்கம் கூட்டிப்போங்கள்: சுடுமண் ஆட்டக்காய்கள், தந்தத்தில் பகடை, பானையோட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லு. பிறகு ‘குவிரன் ஆதன்’ என்று தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓட்டைக் காட்டுங்கள். பள்ளியில் டிபன் பாக்ஸில் பெயர் எழுதும் பிள்ளைக்கு அது உடனே புரியும்.

போகுமுன் விடுமுறை நாளைச் சரிபாருங்கள். திரும்பும் ரயில் மாலையில் இருந்தால், மதியச் சாப்பாட்டை ஊருக்குள் வந்து முடித்துவிட்டு, ஏறும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மல்லிகை வாங்குங்கள். காலையிலேயே வாங்கினால் வெயிலில் வதங்கிவிடும். மொட்டாகக் கேட்டு, வாழையிலையில் கட்டித் தரச் சொல்லுங்கள்.