விழுந்த பல்லின் இடத்தில் என்ன வைப்பது: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கனடாவில் வந்து இறங்கியவர்களின் முதல் மாதங்கள் சமூகக் காப்புறுதி இலக்கம், சுகாதார அட்டை, பிள்ளைகளின் பாடசாலை, வாடகை வீடு என்று கழிந்துவிடுகின்றன. வாயைப் பற்றி நினைக்க எவருக்கும் நேரம் இருப்பதில்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு மொழிபெயர்ப்புத் துணையாகப் பல் வைத்தியர்களிடம் நான் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். நாற்பது வயதைக் கடந்து வந்தவர்களில் கடைவாயில் ஒரு பல்லையாவது இழந்தவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். வலித்த பல்லைப் பிடுங்கிவிடுவதுதான் அவர்களில் பலருக்கும் ஊரில் கிடைத்த வைத்தியம். அந்த இடைவெளியை இங்கே நிரப்ப நினைக்கும்போது முதலில் காதில் விழும் சொல் இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகாணி இறக்கி அதன் மேல் பல் பொருத்தும் முறை. அதற்கான சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணம். ஓஹிப் எனப்படும் மாகாண சுகாதாரக் காப்புறுதி, வைத்தியசாலையில் நடக்கும் சில தாடைச் சத்திரசிகிச்சைகளைத் தவிர, பல் வைத்தியத்துக்குப் பணம் கொடுப்பதில்லை. அகதிக் கோரிக்கையாளர்களுக்கான இடைக்கால சமஷ்டி சுகாதாரத் திட்டம் கடும் வலி, தொற்று, பல் பிடுங்கல் போன்ற அவசரத் தேவைகளையே முக்கியமாகப் பார்க்கிறது. 2024 மே மாதத்தில் சேவையைத் தொடங்கிய கனேடியப் பல் பராமரிப்புத் திட்டம் பெரிய உதவிதான். குடும்பத்தின் சரிசெய்யப்பட்ட நிகர வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாக இருந்து, வேறு பல் காப்புறுதி பெறும் வாய்ப்பு இல்லாமல், வருமான வரிப் பத்திரமும் தாக்கல் செய்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தத் திட்டம் இம்பிளான்டுக்கும் அதனோடு தொடர்புடைய வேலைகளுக்கும் பணம் கொடுக்காது. கழற்றி மாட்டும் கட்டுப்பல்லுக்குக் கொடுக்கும். அதிலும் சிலவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். வருமானமே இல்லாத முதல் ஆண்டிலும் வரிப் பத்திரத்தை நிரப்பி அனுப்புங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். வேலையிடத்தில் கிடைக்கும் பல் காப்புறுதியை வேண்டாமென்று நீங்களே விட்டிருந்தாலும், வாய்ப்பு இருந்தது என்றே அரசாங்கம் கணக்கில் எடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேலையிடக் காப்புறுதியில்தான் புதிதாக வந்தவர்கள் பெரிதும் ஏமாற்றமடைகிறார்கள். பல காப்புறுதிகளில் ஒரு நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கும்: காப்புறுதி தொடங்குவதற்கு முன்பே இழந்த பல்லுக்கு மாற்றுப் பல் வைக்கப் பணம் தரமாட்டோம் என்பது. ஊரில் பிடுங்கிய பல் எல்லாமே இதற்குள் அடங்கிவிடும். வவுனியாவிலிருந்து வந்த ஒரு தாயோடு நான் போயிருந்தேன். தொழிற்சாலை வேலையில் காப்புறுதி கிடைத்த மகிழ்ச்சியில் முற்பணம் கட்டியிருந்தார். மேல் கடைவாய்ப் பல் எப்போது பிடுங்கப்பட்டது என்ற கேள்விக்கு, நாட்டை விட்டுப் புறப்பட்டதற்கு முந்திய ஆண்டு என்று உள்ளபடியே பதில் சொன்னார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, பிழையான பதிலைச் சொல்லுமாறு அவரிடம் கேட்க எனக்கும் மனம் வரவில்லை. ஆகவே எந்த வேலையும் தொடங்குவதற்கு முன், மதிப்பீட்டைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பி, எவ்வளவு தருவார்கள் என்பதை எழுத்தில் பெற்றுத் தருமாறு பல் வைத்தியரின் அலுவலகத்தைக் கேளுங்கள். அது அவர்கள் நாளாந்தம் செய்யும் வேலைதான். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். சில நிறுவனங்கள் இம்பிளான்டுக்குப் பதிலாகக் கட்டுப்பல்லுக்கோ, பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக்கிப் பொருத்தும் பிரிட்ஜுக்கோ ஆகும் தொகையை மட்டும் தரும். வருடத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இருக்கும்.

இம்பிளான்ட் என்பது உண்மையில் பல் அன்று, தாடை எலும்புக்குள் இறக்கப்படும் ஒரு டைட்டேனியம் திருகாணி. சுவீடன் நாட்டு வைத்தியர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களில் முயலின் கால் எலும்பில் ஆராய்ச்சி செய்தபோது, உள்ளே வைத்த டைட்டேனியம் எலும்போடு ஒட்டி வளர்ந்து, கழற்ற முடியாமல் போனதைக் கண்டார்; 1965இல் ஒரு மனிதரின் தாடையில் முதலில் அதைப் பயன்படுத்தினார். எலும்பு அப்படிப் பற்றிக்கொள்ள வழமையாக மூன்று முதல் ஆறு மாதங்கள் எடுக்கும். அதன் பின்னர் திருகாணியின் மேல் ஓர் இணைப்புத் துண்டையும், அதன் மேல் கிரவுன் எனப்படும் பல்லையும் பொருத்துவார்கள். பல்லில்லாத இடத்தின் எலும்பு காலப்போக்கில் கரைந்து மெலிந்துபோவதால், பல ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு எலும்பு ஒட்டும் சிகிச்சை தனியாகத் தேவைப்படலாம். மேல் கடைவாயில் என்றால் சைனஸ் எனப்படும் முகக் குழிவின் அடித்தளத்தை உயர்த்த வேண்டியும் வரலாம். முப்பரிமாண எக்ஸ்ரே பார்க்காமல் இதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எல்லோருக்கும் இது உடனே பொருந்தாது. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் புகைபிடித்தலும் எலும்பு பற்றுவதைக் கெடுக்கும். எம்மவரிடையே நீரிழிவு மிகுதியாக இருப்பதால், மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவைக் குடும்ப வைத்தியரிடம் பார்த்துக்கொண்டு போங்கள். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் அவற்றுள் சில மருந்துகளால் தாடைப் புண் ஆறாமல் போவதுண்டு. நீண்ட காலம் வெற்றிலை பாக்குப் போட்ட சில முதியவர்களுக்கு வாய் அகலத் திறப்பதே கடினமாக இருக்கும், அப்போது கருவிகளை உள்ளே கொண்டுபோக முடியாது. வெட்கப்பட்டு மறைத்தால் பாதிக்கப்படுவது அவர்கள்தாம்.

மதிப்பீட்டுத் தாளைக் கையில் வாங்கியதும் அடியிலுள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு குறியீட்டு எண் இருக்கும். சில வரிகளுக்குப் பக்கத்தில் கூட்டல் குறியோடு 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பல் செய்யும் ஆய்வுகூடத்தின் கட்டணம் இதற்கு மேலே தனியாக வரும் என்பதே அதன் பொருள். விளம்பரத்தில் வரும் குறைந்த விலை பெரும்பாலும் திருகாணிக்கு மட்டுமானது. எல்லாம் சேர்த்தால் ஒரு பல்லுக்குச் சில ஆயிரம் டொலர்கள் ஆகும். எலும்பு ஒட்டினால் இன்னும் கூடும். ஒன்ராறியோவில் இம்பிளான்ட் என்பது தனியான சிறப்புத் துறையாக அங்கீகரிக்கப்படவில்லை. பொதுப் பல் வைத்தியரும் செய்யலாம். உங்களுக்குச் செய்பவர் பொது வைத்தியரா, முரசு (ஈறு) அல்லது வாய்ச் சத்திரசிகிச்சை நிபுணரா என்பதை, பல் வைத்தியர்களுக்கு உரிமம் வழங்கும் மாகாண அமைப்பான பல் வைத்தியர் ஒழுங்குமுறைக் கல்லூரியின் இணையப் பதிவேட்டில் பெயரை இட்டுப் பார்க்கலாம்.

இம்பிளான்ட் இல்லாவிட்டால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டியதில்லை. பிரிட்ஜ் விரைவில் முடியும், ஆனால் இரு பக்கத்துப் பற்களையும் அராவ வேண்டும். அவை நல்ல பற்களாக இருந்தால் எனக்கு அதில் விருப்பமில்லை. கழற்றி மாட்டும் கட்டுப்பல் மலிவு. அதைச் செய்வதற்கென்றே உரிமம் பெற்ற டெஞ்சரிஸ்டுகளிடம் பல் வைத்தியரின் பரிந்துரை இல்லாமலேயே போகலாம். ரொறன்ரோ நகர மையத்தில் எட்வர்ட் வீதியிலுள்ள ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தில் மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை செய்கிறார்கள். அங்கே பொறுமையும் பல தடவை போய்வரும் நேரமும் வேண்டும்.

விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போகும்போது செய்துவிடலாம் என்று பலர் கேட்கிறார்கள். விலை குறைவு என்பது உண்மை. அங்கே திறமையான வைத்தியர்களும் இருக்கிறார்கள். சிக்கல் காலத்தில்தான். திருகாணி வைத்துவிட்டு மூன்று வாரத்தில் திரும்பிவிட்டால், பல் பொருத்த இன்னொரு பயணம் வேண்டும். நடுவில் ஏதும் தளர்ந்தால் இங்குள்ள வைத்தியர் கையில் எடுக்கத் தயங்குவார். ஒவ்வொரு நிறுவனத்தின் திருகாணிக்கும் அதற்குரிய கருவியும் துண்டுகளும் வேறு. ஆகவே அங்கே செய்தாலும் நோபல் பயோகேர், ஸ்ட்ராமன், ஆஸ்டெம் போன்று இங்கும் கிடைக்கும் நிறுவனத்தின் பொருளா என்று கேளுங்கள். திருகாணிப் பெட்டியில் மாதிரி எண்ணும் தொகுதி எண்ணும் அச்சிட்ட சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். அதை ஓர் அட்டையில் ஒட்டி வாங்கி, எக்ஸ்ரே பிரதியோடு கடவுச்சீட்டு வைக்கும் உறையிலேயே வையுங்கள். பற்றுச்சீட்டும் அதனோடு இருக்கட்டும்: கனடாவில் கட்டினாலும் வெளிநாட்டில் கட்டினாலும், உங்கள் கையிலிருந்து போன பல் வைத்தியச் செலவை மருத்துவச் செலவு வரிச்சலுகையில் காட்டலாம்.