எஸ்ஸென் போர்டு கேம் கண்காட்சிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

தாயம் ஆட நமக்கு யாரும் விதிப் புத்தகம் கொடுத்துச் சொல்லித்தரவில்லை. திண்ணையில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும்" என்று கேட்டுக்கொண்டே ஆடிக் கற்றோம். ஜெர்மனியின் எஸ்ஸென் நகரத்தில் ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கும் 'ஷ்பீல்' கண்காட்சியில் நான் முதலில் கண்டது அந்தத் திண்ணையைத்தான். ஷ்பீல் என்றால் ஜெர்மன் மொழியில் விளையாட்டு. 1983இல் வயதுவந்தோர் கல்வி நிலையம் ஒன்றில் சிறிய அளவில் தொடங்கியது. 2019இல் நான்கு நாளில் 2,09,000 பேர் வந்தார்கள். அவ்வளவு கூட்டத்திலும், தெரியாத நாலு பேர் ஒரு மேசையில் உட்கார, ஒருவர் வாயால் விதி சொல்ல, ஆட்டம் நடக்கிறது. நீங்கள் போக வேண்டியது அந்த மேசைக்காக. கடை பார்ப்பதையும் வாங்குவதையும் இரண்டாம் இடத்தில் வையுங்கள்.

படி 1: நாளும் தங்குமிடமும்

கண்காட்சி வியாழன் முதல் ஞாயிறு வரை. டிக்கெட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். எந்த நாளுக்கு வாங்குகிறீர்களோ அந்த நாளுக்குத்தான் செல்லும். வியாழக்கிழமை காலையில் புது வெளியீடுகளைத் தேடி வருபவர்கள் ஓடுவார்கள். சனிக்கிழமை குடும்பம் குடும்பமாக வருவார்கள், நடக்கவே இடம் இருக்காது. முதல்முறை போகிறவர்களுக்கு வெள்ளியும் ஞாயிறும் போதும் என்பேன். நடுவில் கிடைக்கும் சனிக்கிழமையில் ஊரிலேயே இருக்கும் ட்சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்க்கலாம். 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் அது.

அந்த வாரம் எஸ்ஸெனில் அறை வாடகை ஏறிவிடும். டுஸ்ஸல்டோர்ஃப், டூயிஸ்பர்க், போஹும் ஆகிய ஊர்கள் ரயிலில் அரை மணி நேரத்துக்கு உள்ளேயே இருக்கின்றன. எஸ்ஸென் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி யு11 சுரங்க ரயில் ஏறினால் கண்காட்சி வாசலுக்கே போய்விடலாம். இந்தியாவிலிருந்து கிளம்புபவர்கள் ஷெங்கன் விசாவுக்கு (ஜெர்மனி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க முடியும். கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள்.

படி 2: பத்தே பெயர் கொண்ட பட்டியல்

ஒரே கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புது விளையாட்டுகள் வரும். போர்டுகேம்கீக் என்ற போர்டு கேம் இணையதளம் ஒவ்வோர் ஆண்டும் அவற்றை முன்கூட்டியே பட்டியலிடும். அதிலிருந்து பத்து எடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் அரங்கு எண், ஸ்டால் எண், ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்தில் நான்கு ஆட முடிந்தாலே அது நல்ல நாள். இரண்டு மணி நேர ஆட்டம் ஒன்றில் உட்கார்ந்தால் மற்ற மூன்று போய்விடும் என்பதால், பட்டியலில் பாதியாவது முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிறவையாக இருக்கட்டும்.

படி 3: மேசையில் இடம் கேட்பது

புதிதாக வருபவர்கள் தயங்கி நிற்பது இங்கேதான். பெரும்பாலான ஸ்டால்களில் முன்பதிவு கிடையாது. மேசை காலியானால் உட்கார வேண்டியதுதான். ஆனால் காலியான மேசை உங்களுக்காகக் காத்திருக்காது. ஆட்டம் முடியப்போகிற மேசையைக் கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நடுவில் சீட்டுக்கட்டு மெலிந்திருக்கும், ஆடுபவர்கள் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். அப்போது அருகில் போய், "நீங்கள் முடித்ததும் நாங்கள் உட்காரலாமா?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் தோளுக்கு மேல் சாயாமல் ஓரடி தள்ளி நில்லுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் போதும். உங்களுக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் ஆடுபவர்களே சொல்லிவிடுவார்கள்.

தனியாகப் போகிறோமே என்று கவலைப்படாதீர்கள், தனி ஆளுக்குத்தான் இடம் சுலபமாகக் கிடைக்கும். மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் நால்வர் ஆட்டத்தில் நான்காவது நாற்காலி காலியாகவே இருக்கும். "நானும் சேரலாமா?" என்று நான் கேட்ட மேசைகளில் பெரும்பாலும் பெட்டியை நகர்த்தி இடம் விட்டார்கள். இருவராகப் போனால், இன்னொரு ஜோடியைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளுங்கள். ஐந்து பேர் கூட்டமாகப் போனால் இரண்டாகப் பிரிந்துவிடுவது மேல்.

கூட்டம் மொய்க்கும் ஸ்டால்களில் பெயர் எழுதிக்கொண்டு நேரம் கொடுப்பார்கள். அந்த மாதிரி ஆட்டம் உங்கள் பட்டியலில் இருந்தால் காலை பத்து மணிக்குக் கதவு திறந்ததும் முதலில் அங்கே போங்கள்.

படி 4: விதி கேட்பது

ஒவ்வொரு ஸ்டாலிலும் விதி சொல்ல ஆள் இருப்பார். ஜெர்மன்காரர்கள் செல்லமாக 'எர்க்லேர்பேர்', அதாவது விளக்கும் கரடி என்பார்கள். "ஜெர்மனா, ஆங்கிலமா?" என்று முதலில் கேட்பார். ஆங்கிலம் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். நாள் முழுக்க அதே விதியை முப்பது தடவை சொல்லித் தொண்டை கட்டிப்போன மனிதர் அவர். நடுவில் குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஜெயிப்பது எப்படி?" என்பது மட்டும் புரியவில்லை என்றால் அதை மறுபடி கேளுங்கள். மற்றதெல்லாம் ஆடும்போது புரிந்துவிடும்.

இன்னொன்று: ஆட்டத்தை முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு சுற்று ஆடி, ஆட்டத்தின் போக்கு பிடிபட்டதும் நன்றி சொல்லி எழுந்துகொள்வது இங்கே வழக்கம். கூட ஆடுகிறவர்களிடம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எழும் முன் காய்களை எடுத்து அடுத்தவருக்கு அடுக்கி வைத்தால், விளக்கியவர் முகத்தில் தெரியும் நிம்மதியைப் பார்ப்பீர்கள்.

படி 5: காலும் வயிறும்

பழகிய ஷூ, தண்ணீர் பாட்டில், சின்ன முதுகுப்பை. உள்ளே விற்கும் சாப்பாட்டில் கறிவூர்ஸ்ட் என்ற தொத்திறைச்சி பெரும்பாலும் பன்றி இறைச்சி. சைவக்காரர்களுக்கு ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸும் ப்ரெட்ஸல் ரொட்டியும் நிச்சயம் உண்டு, ஆனால் நாள் முழுக்க அது போதாது. வெளியிலிருந்து ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு போங்கள்.

படி 6: வாங்குவதானால் மாலையில்

முதல் ஆண்டு காலையிலேயே மூன்று பெட்டி வாங்கி, சாயங்காலம் வரை தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 செ.மீ. சதுரப் பெட்டி, எந்த மேசையிலும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. அவற்றில் ஒன்றை ஆடிப் பார்க்காமலேயே வாங்கியிருந்தேன். தீர்ந்துவிடும் என்று உறுதியாகத் தெரிந்த சின்னப் பதிப்பகத்து வெளியீட்டைத் தவிர வேறு எதையும் ஆடாமல் வாங்காதீர்கள். தடுமாற்றமாக இருந்தால் ஃபேர்பிளே என்ற ஜெர்மன் இதழ் வந்தவர்களிடம் மதிப்பெண் வாங்கிக் கண்காட்சியிலேயே போடும் பட்டியலைப் பாருங்கள்.

பெட்டியில் மொழியைக் கவனியுங்கள். ஜெர்மன் பதிப்பும் ஆங்கிலப் பதிப்பும் ஒரே படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கும். சீட்டுகளில் எழுத்தே இல்லாத ஆட்டமென்றால் எந்தப் பதிப்பானாலும் பரவாயில்லை, விதியின் ஆங்கில வடிவம் பெரும்பாலும் இணையத்தில் கிடைத்துவிடும்.

சின்ன ஸ்டால்களுக்காகக் கொஞ்சம் யூரோ நோட்டு வைத்திருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே கடையில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் 19 சதவீத விற்பனை வரியைத் திரும்பப் பெற வழி உண்டு. எல்லா ஸ்டாலும் படிவம் தராது. பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் சூட்கேஸைச் செக்-இன் செய்வதற்கு முன் சுங்கத்தில் பொருளைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். அதனால் விளையாட்டுப் பெட்டிகளைத் துணிகளுக்கு அடியில் புதைக்காமல், சூட்கேஸ் திறந்ததும் கண்ணில் படும்படி மேலாக வையுங்கள்.