ஒரு பொய்க்கு ஒரு வசனம்

"நான் எதற்கும் லாயக்கில்லை", "தேவன் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்று மனம் ஓயாமல் அரற்றினால், அந்த நினைப்பை அப்படியே ஒரே வரியில் தாளில் எழுதுங்கள். அதற்கு நேர் எதிரே, அந்த வரிக்கே பதில் சொல்லும் ஒரு வேதாகம வசனத்தை எழுதி, வாய்விட்டு வாசியுங்கள். கைவிடப்பட்டேன் என்ற நினைப்புக்கு எபிரெயர் 13:5, மன்னிக்கப்பட்ட பழைய பாவம் இன்னும் குத்தினால் ரோமர் 8:1.

தலைக்குள் சுற்றும்வரை அந்த நினைப்பு உண்மை மாதிரியே இருக்கும். எழுத்தில் வந்ததும் அது வெறும் ஒரு கூற்று. சரிதானா என்று கேட்கலாம். வனாந்தரத்தில் பிசாசு சோதித்தபோது இயேசுவும் பொதுவாக ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போகவில்லை. மூன்று சோதனைக்கும் மூன்று தனித்தனி பதில், மூன்றும் பழைய ஏற்பாட்டின் உபாகமம் புத்தகத்திலிருந்து (மத்தேயு 4). ஆனால் அங்கே பிசாசும் சங்கீதம் 91-ஐ எடுத்துப் பேசுகிறான். அதனால் நாட்காட்டித் தாளில் வந்த ஒற்றை வரியை நம்பாமல், வசனத்துக்கு முன்னும் பின்னும் நாலு வரி படித்துவிடுங்கள்.

ஒருவருக்கு நிஜமாகவே தீங்கு செய்துவிட்டு மனம் உறுத்தினால் இது உதவாது. அது பொய் இல்லையே! நேரே போய் ஒப்புரவாக வேண்டியதுதான் (மத்தேயு 5:23-24). அப்புறம், வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் தாளும் பேனாவும் போதாது. ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416.