கூச்சப்படுற பையன வச்சு நாவல் எழுதணுமா?

"அவன் ரொம்ப கூச்சப்படுவான்"னு மொத வரிலயே எழுதிட்டா சோலி முடிஞ்சுது. பாளையங்கோட்டை பஸ்ல டிக்கெட் கேக்க வாய் வராம, சரியா எண்ணுன சில்லறைய உள்ளங்கைல வச்சு நீட்டுதான்னு எழுதுங்க, வெளங்கிரும். ஃப்ரெண்டு ஒரே நாள்ல கெடைக்கக்கூடாது. ஆனித் திருவிழால நெல்லையப்பர் தேர் வடம் பிடிக்கையில பக்கத்துல நிக்கவன் "ஏலே, இறுக்கிப் பிடிலே"ம்பான், அம்புட்டுதான், பெறகு ஆத்துக்குக் குளிக்கப் போறப்ப இவனையும் கூட்டிட்டுப் போவானுவ, இவன் தாமிரபரணில எறங்காம படித்துறைலயே எல்லாரு சட்டைக்கும் காவலா உக்காந்துருப்பான், ரெண்டு அத்தியாயம் அப்படியே ஓடட்டும், அவசரப்படாதீங்க. கடைசில அவனப் பேச்சாளன் ஆக்கிராதீங்க, யாரும் கூப்பிடாமலே ஒருத்தன் வீட்டுக் கதவத் தட்டுனாப் போதும். வசனத்துல 'லே'வ அள்ளிப் போட்டா எங்க ஊர்க்காரனுக்கே எரிச்சல் வரும். வாத்தியார் அட்வைஸ் பண்ணுத சீன் வேண்டவே வேண்டாம்.