முயலின் பல் தொல்லை: புல், எடை, நகவெட்டி

முயலின் வாயில் 28 பற்கள். வெட்டுப்பற்கள் மேலே 4, கீழே 2. மேலே உள்ள நான்கில் இரண்டு, பெரிய பற்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குச்சிப் பற்கள். பல ஆண்டுகள் முயல் வளர்த்தவர்கள்கூட அவற்றைப் பார்த்திருக்க மாட்டார்கள். மீதி 22-ம் கடைவாயில். எல்லாமே ஆயுள் முழுக்க வளரும். வெட்டுப்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளரும். கடைவாய்ப்பல் ஏறக்குறைய அதே அளவு வளர ஒரு மாதம் எடுக்கும். வளர்கிற அளவுக்குத் தேயவும் தேய்ந்தால் தொல்லை இல்லை.

கடைவாய்ப்பல் தேய, தாடை பக்கவாட்டில் ஆட்டுக்கல் போல அரைக்க வேண்டும். நீளமான, நார் மிகுந்த புல்லை மெல்லும்போதுதான் அப்படி அரைக்கும். பெல்லட்டையும் (கடையில் விற்கும் குருணைத் தீனி) கேரட்டையும் மேலும் கீழுமாக நொறுக்கி விழுங்கிவிடும். பல் சீராகத் தேயாமல் ஓரத்தில் முள் போல நீளும். கீழ்ப்பல்லின் முள் நாக்கைக் கீறும், மேல்பல்லின் முள் கன்னத்தின் உட்புறத்தைக் கிழிக்கும். கூண்டுக்குள் மரக்கட்டை போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. கட்டை முன்பல்லுக்கு வேலை கொடுக்கும். கடைவாய்க்கு அதனால் பயனில்லை.

ஆகவே தட்டில் பெரும்பங்கு, அதாவது குறைந்தது நூற்றுக்கு எண்பது பங்கு, புல்லாக இருக்கட்டும். தினமும் முயலின் உடம்பளவு ஒரு குவியல். இறக்குமதி திமோத்திப் புல் விலை கட்டுப்படியாகாவிட்டால் அருகம்புல் தாராளமாகப் போதும். பிள்ளையாருக்காகப் பூக்கடையில் விற்கும் அருகம்புல் கட்டு வாங்கினால் நன்றாக அலசி, நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, தண்டு ஒடித்தால் படக்கென்று முறியும்வரை உலர்த்துங்கள். பூஞ்சை வாடை வந்தாலோ கறுத்தாலோ கொட்டிவிடுங்கள். ஈரமாகக் குவித்து வைத்த புல் சூடேறிப் புளித்துவிடும், அதுவும் ஆகாது. குதிரைமசால் என்ற தீவனச் செடியில் சுண்ணாம்புச்சத்து அதிகம், குட்டிகளுக்குச் சரி. வளர்ந்த முயலுக்கு அன்றாடத் தீனியாக வேண்டாம். பெல்லட் ஒரு கிலோ எடைக்கு 25 கிராம், 2 கிலோ முயலுக்கு 50 கிராம். இப்போது கிண்ணம் நிறையக் கொடுப்பவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரே நாளில் மாற்றினால் குடல் படுத்துவிடும்.

பல் வலியை முயல் வெளியே காட்டாது. முதலில் காட்டிக்கொடுப்பது தராசு. சமையலறைத் தராசில் ஒரு கூடையை வைத்து வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். 2 கிலோ முயல் இரண்டு வாரத்தில் 100 கிராம் இறங்கியிருந்தால், நன்றாகத்தானே ஓடுகிறது என்று விடாதீர்கள். அதே நாளில் முகவாயைத் தொட்டுப் பாருங்கள்: ஈரமா? முன்னங்காலின் உட்புறத்து முடி எச்சிலில் ஒட்டிச் சடையாகியிருக்கிறதா? கீழ்த்தாடை எலும்பின் ஓரமாக விரலை ஓட்டினால் இருபுறமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்; மேடு தட்டினால் பல்வேர் கீழ்நோக்கி நீண்டிருக்கலாம். ஒரு கண் மட்டும் ஓயாமல் நீர் வடித்தால், மேல்பல்லின் வேர் கண்ணீர்க் குழாயை அழுத்துகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். உதட்டை விலக்கினால் மேல்பல் முன்னாலும், கீழ்ப்பல் நுனி அதன் பின்னால் குச்சிப் பல்லில் பொருந்தியும் தெரிய வேண்டும். புழுக்கை சிறுத்துப் போவது, கொத்தமல்லியைத் தின்றுவிட்டுப் புல்லை மட்டும் ஒதுக்குவது, வாயில் எடுத்ததைக் கீழே போடுவது எல்லாம் கடைவாய்க் கோளாறின் அடையாளங்கள்.

முன்பல் நீண்டுவிட்டால் நகவெட்டியை எடுப்பவர்களைத்தான் முதலில் தடுக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் பல் நெடுக்கில் பிளக்கும். பிளவு ஈறுக்குள் இறங்கினால் பல்லின் உள்ளே இருக்கும் மென்மையான பல்கூழ் திறந்து சீழ் வைக்கும். மருத்துவர் சுழலும் பல் அரத்தால் குறுக்கே அறுப்பார், சில நிமிட வேலை. ஆனால் தாடை பொருந்தாத முயலுக்கு 3 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை அதையே செய்ய வேண்டிவரும். தட்டை முகக் குள்ள இனங்களிலும் தொங்குகாது இனங்களிலும் இது பிறவியிலேயே வரக்கூடும்; அத்தகைய முயலை இனவிருத்திக்கு விடாதீர்கள்.

கடைவாய்ப் பல்லை விழித்திருக்கும் முயலிடம் முழுமையாகப் பார்க்க முடியாது. மயக்கம் கொடுத்துப் பார்ப்பதும், மண்டையோட்டு எக்ஸ்ரேயும் தேவைப்படும். முயல் வாந்தி எடுக்காது; நாயைப் போல இரவெல்லாம் பட்டினி போட வேண்டியதில்லை. முயல் பார்த்துப் பழகிய மருத்துவரா என்று கேட்டுவிட்டே போங்கள். தாடைச் சீழ்க்கட்டியைக் கீறி வடிய விடுவது பெரும்பாலும் பலிக்காது. முயலின் சீழ் பாலாடைக்கட்டி போலக் கெட்டியானது, உறையோடு எடுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் சிரப்பை ஊற்றவே ஊற்றாதீர்கள். அமாக்சிசிலின், பெனிசிலின், கிளிண்டமைசின் ஆகியவை வாய்வழியே போனால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, முயல் கழிச்சலில் செத்தும் போகலாம்.

12 மணி நேரம் எதுவும் தின்னாவிட்டால் அது அவசரம். வயிறு மத்தளம் போல உப்பிக் கெட்டியாக இருந்தால் எதையும் ஊட்டாமல் உடனே கிளம்புங்கள். உப்பாமல் இருந்து, மருத்துவரும் ஊட்டச் சொன்னால் இப்படிச் செய்யுங்கள்:

1. பெல்லட்டைப் பொடித்து, ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றி, ஊறியதும் வடிகட்டுங்கள். கூழ் சிரிஞ்சில் அடைபடாமல் வர வேண்டும்.
2. முயலைத் துண்டில் சுற்றி, நான்கு காலும் தரையில் இருக்கும்படி உட்கார வையுங்கள். மல்லாத்தக் கூடாது, புரையேறும்.
3. ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சை முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்து, மென்று விழுங்கும்வரை பொறுத்துப் பொறுத்துக் கொடுங்கள்.
4. ஒரு கிலோ எடைக்கு வேளைக்கு 10 மில்லி, நாளுக்கு 4, 5 வேளை.

வெட்டுப்பல் அடிக்கடி நீள்கிறதென்றால் ஆறையும் பிடுங்கிவிடுவது பல முயல்களுக்கு நிம்மதி. குச்சிப் பற்களை விட்டால் அவை நீண்டு தொல்லை தரும். பிறகு உதட்டாலேயே புல்லைக் கவ்வி உள்ளிழுத்துக் கடைவாயில் மெல்லப் பழகிக்கொள்ளும். கீரையை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள். உதிரும் முடியைப் பல்லால் கோதிக்கொள்ள அதனால் முடியாது. வாரம் இரண்டு முறை நீங்கள் சீவிவிட வேண்டும்.