மலைவீட்டுச் சமையலறைக்குப் பாத்திரம் கழுவும் இயந்திரம்: எவற்றைப் பார்த்து வாங்குவது?

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கோத்தகிரியிலோ உதகையிலோ மார்கழிக் காலையில் முந்தின இரவின் வாணலியைக் கையில் எடுப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெழுகு பூசியதுபோல் வெள்ளையாகப் படிந்திருக்கும் அந்த எண்ணெயைக் குழாயின் குளிர்ந்த நீரால் அசைக்கவும் முடியாது. ஆகவே கீசரைப் போடுகிறோம். பதினைந்து லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் ஆகும். காலையும் இரவும் சேர்த்தால் நாளொன்றுக்கு ஒரு யூனிட். பெரிய பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்று சிக்கன ஓட்டத்தில் எடுத்துக்கொள்வதும் கிட்டத்தட்ட அதே ஒரு யூனிட்டும் பத்து லிட்டர் அளவு நீரும்தான். பச்சைத் தண்ணீரில் கழுவிப் பழகிய சமவெளி வீடுகளுக்குப் போடும் கணக்கு நமக்குப் பொருந்தாது. இங்கே இயந்திரத்துக்குப் போட்டி கீசர்தான் என்பதை மனத்தில் வைத்தே தேர்வைத் தொடங்க வேண்டும்.

முதலில் அளவு. எட்டுப் பேருக்கு, பதின்மூன்று பேருக்கு என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது மேலைநாட்டுத் தட்டையான தட்டுகளையும் கோப்பைகளையும் வைத்துச் சொன்ன எண்ணிக்கை. நம் குக்கரும் இட்லிப் பானையும் அந்தக் கணக்கில் வாரா. கடைக்குப் போகும் முன் வீட்டிலுள்ள மிகப் பெரிய குக்கரின் உயரத்தையும் வாணலியின் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேல்தட்டை உயர்த்த முடிகிறதா, கீழ்த்தட்டின் கம்பிகளை மடக்க முடிகிறதா என்று கடையிலேயே கையால் செய்து பார்த்துவிடுங்கள். நால்வர் உள்ள வீட்டுக்கும் 60 சென்டிமீட்டர் அகலமுள்ளதையே நான் பரிந்துரைப்பேன். 45 சென்டிமீட்டர் இயந்திரம் சிறியது என்பதால் பாதிச் செலவில் ஓடிவிடாது, ஒருநாள் பாத்திரத்துக்கு அதை இருமுறை ஓட்ட நேரிடும். குளிரில் எச்சில் பாத்திரம் விரைவில் நாறாது என்பதும் நமக்கு வசதி: பகல் முழுவதும் அடுக்கிக்கொண்டே வந்து இரவில் ஒரே முறை ஓட்டலாம். இரும்புத் தோசைக்கல், பித்தளை, அலுமினியம் ஆகியவை உள்ளே போகக் கூடாதவை.

சிக்கன ஓட்டம் மூன்று, நான்கு மணிநேரம் நீளும் என்றதும் மின்சாரமும் அவ்வளவு நேரம் செலவாகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் செலவின் பெரும்பகுதி நீரைச் சூடாக்குவதற்கே போகிறது. நேரத்தை நீட்டி வெப்பத்தை 50 டிகிரி அளவில் நிறுத்துவதால்தான் அந்த ஓட்டம் சிக்கனமாகிறது. நம் குழாய் நீர் சமவெளியைவிடப் பதினைந்து டிகிரி குளிர்ந்திருந்தாலும், சூடாக்கப்படும் ஏழு லிட்டர் அளவுக்குக் கூடுதலாகும் செலவு ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்குதான். ஐரோப்பிய மின்சிக்கன முத்திரையைக் காட்டி விற்பவரிடம் ஒன்றைக் கவனியுங்கள்: 2021 மார்ச்சில் அந்த அளவுகோல் ஏ முதல் ஜி வரை என்று மாற்றப்பட்டுவிட்டது; ‘ஏ பிளஸ் பிளஸ்’ என்று ஒட்டியிருந்தால் அது பழைய அளவுகோல். எழுத்தை விட்டுவிட்டு, ஓர் ஓட்டத்துக்கு எத்தனை யூனிட், எத்தனை லிட்டர் என்ற எண்களை ஒப்பிடுவதே நல்லது.

சூரிய வெந்நீர்க் கருவி உள்ள வீட்டார் அதை இயந்திரத்தோடு இணைக்கலாமா என்று கேட்பதுண்டு. 60 டிகிரி வரை ஏற்கும் இயந்திரங்கள் உண்டு; கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் இயந்திரம் ஒரு தடவைக்கு மூன்று, நான்கு லிட்டரே உறிஞ்சும். அரை அங்குலக் குழாயில் இருபது மீட்டர் தொலைவுக்குத் தேங்கி நிற்கும் குளிர்நீரே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். கூரைக் கருவி தொலைவில் இருந்தால், வெந்நீர் வந்து சேர்வதற்குள் இயந்திரம் நிரம்பிவிடும்.

நான் சறுக்கிய இடம் நீரழுத்தம். எங்கள் வீட்டுத் தொட்டி சமையலறைக் குழாயைவிட நான்கடி உயரத்தில் மட்டுமே இருந்தது. கடைக்காரர் “எல்லாம் சரியாக இருக்கும்” என்றார்; நானும் கேட்டுக்கொண்டேன். வந்திறங்கிய இயந்திரம் இரண்டு நிமிடம் முனகிவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்ற விளக்கை எரியவிட்டு நின்றுவிட்டது. பத்து மீட்டர் உயரம் ஒரு பார் அழுத்தம் தரும். பல இயந்திரங்களுக்குக் குறைந்தது 0.3 பார், அதாவது மூன்று மீட்டர் உயரமாவது தேவை. சிலவற்றுக்கு 0.5 பார் வேண்டும். தொட்டியை மேட்டுக்கு மாற்றிய செலவை இயந்திரத்தின் விலையோடுதான் நான் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சரிவில் மிக மேலே தொட்டி வைத்தவர்கள் மறுகோடியில், உச்ச அழுத்த வரம்பைப் பார்க்க வேண்டும்.

மழைநீரில் ஊறும் நம் ஓடை, ஊற்று நீர் பெரும்பாலும் மென்னீர், அதாவது சுண்ணாம்புச் சத்து குறைந்த நீர்; சோப்பு எளிதில் நுரைப்பதே அடையாளம். ஆழ்துளைக் கிணற்று நீரானால் சோதித்துப் பாருங்கள். கடின நீரை மென்மையாக்க இயந்திரத்துக்குள் உப்பு போட்டு இயக்கும் மென்மையாக்கி ஒன்று உண்டு; அதன் கடினத்தன்மை அமைப்பை மிகக் குறைந்த எண்ணில் வைக்க இயலும் இயந்திரத்தையே வாங்குங்கள்: உப்பும் மிச்சம், உப்பால் மென்மையாக்கியைப் புதுப்பிக்கச் செலவாகும் நீரும் மிச்சம். மென்னீரில் சலவைத் தூளை அள்ளிப் போட்டால் கண்ணாடி டம்ளர்கள் மங்கிவிடும். மங்கிய டம்ளரில் வினிகரைத் தேய்த்துப் பாருங்கள். மறைந்தால் அது வெறும் உப்புப் படிவு, மறையாவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டது. ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் வரும் மாத்திரைகளை விட, அட்டைப்பெட்டியில் வரும் பாஸ்பேட் இல்லாத தூள் நமக்கு ஏற்றது, அளவைக் குறைத்துக்கொள்ளலாம். குன்னூர் ஆறு பவானியில் போய்ச் சேர்வதை நினைத்தால், நம் சாக்கடையில் விடுவது கீழே யாரோ குடிக்கும் நீர்.

உலர்த்துவதற்கு, ஓட்டம் முடிந்ததும் கதவு தானே திறக்கும் வகை மின்சாரத்தைச் சேமிக்கும். ஆனால் மூடுபனி நாட்களில் பிளாஸ்டிக் டப்பாக்கள் ஈரமாகவே இருக்கும். துணியால் ஒற்றிக்கொள்வது ஹீட்டர் விசிறிக்குச் செலவழிப்பதைவிட மேல். மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா என்று கட்டாயம் கேளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் விழாத வாரம் நமக்கு அரிது. 16 ஆம்பியர் இணைப்பு வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடாது. உறைபனி விழும் இடங்களில் வெளித் திண்ணையில் வைக்காதீர்கள், குழாயில் நிற்கும் நீர் உறையும்.

பணம் கட்டும் முன் பழுது பார்ப்பவர் எங்கிருந்து வருவார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கோயம்புத்தூரிலிருந்து வருபவருக்கு மலையேறும் கட்டணம் தனியாக உண்டா என்பதும் அதில் இருக்கட்டும். ஆடி மழையில் ஓடை கலங்கும்போது நீர் நுழையும் வாயிலுள்ள சல்லடையில் மண் அடைத்துக்கொள்ளும். குழாயைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் அதைத் தேய்த்தால் போதும், அந்த ஒரு வேலைக்கு அவரை அழைக்க வேண்டியிராது.