அப்பா அம்மா காலத்து சிலோன் மனோகர் பாட்டெல்லாம் திரும்பத் தேடிப் பிடிக்கிறது எப்படி

சிலோன் மனோகர்னு சொன்னா நம்ம வயசு ஆளுங்க பாதிப் பேருக்கு சுராங்கனி மட்டும்தான் ஞாபகம் வரும், மீதிப் பேர் அதையும் ஏதோ சினிமா பாட்டுன்னு நெனச்சிட்டு இருக்காங்க. ஆனா 70கள்ல ரேடியோவ விட்டு நகராத ஆளுங்களுக்கு அவர் தனி உலகம். அந்த பாட்டையெல்லாம் இப்ப தேடணும்னா உடனே ஆப்ப தொறந்து "ஹிட்ஸ்"னு அடிக்காதீங்க, அங்க வர்றது யாரோ அடுக்கி வெச்ச லிஸ்ட். உங்க வீட்ல ஓடின ஹிட்ஸ் வேற, அத கண்டுபிடிக்கிற வழியத்தான் கீழ சொல்றேன்.

மொதல்ல ஆள் யாருன்னு ஒரு வார்த்தை. ஏ.ஈ. மனோகரன், இலங்கைக்காரர், அங்க பாப் இசைய பொப்பிசைம்பாங்க, பொப்பிசைச் சக்கரவர்த்தின்னு அவருக்கு பட்டமே உண்டு. பைலா தாளத்துல, போர்த்துகீசியர் காலத்துல இருந்து இலங்கைல ஊறிப்போன ஆட்டப் பாட்டு அது, அதுல தமிழையும் நடுவுல சிங்களத்தையும் கலந்து மேடைல பாடி ஆடி கலக்கினவர். இங்க சினிமால வில்லனா வந்தார், அப்புறம் சீரியல்லயும் தலை காட்டினார், 2018 ஜனவரில சென்னைல காலமானார். அவருக்கு முன்னாடியே 60கள்ல நித்தி கனகரத்தினம் "சின்ன மாமியே", "கள்ளுக்கடைப் பக்கம் போகாதே"ன்னு ஆரம்பிச்சு வெச்ச அலை இது, அதனால ஒருத்தர தேடப் போனா இன்னொருத்தர் கண்டிப்பா மாட்டுவார், நல்லதுதான்.

சரி, வேலைய வீட்ல இருந்து ஆரம்பிங்க. அப்பாகிட்ட போய் "உங்களுக்கு பிடிச்ச பாட்டு என்ன"ன்னு கேட்டா "எல்லாமே நல்லாதான் இருக்கும்"னு பேப்பர பிரிச்சிடுவார். அப்படி கேக்காதீங்க. எடத்த கேளுங்க. காலேஜ் விழாவுல யார் ஆடினாங்க, எந்த கல்யாணத்துல மைக் செட்காரர் இத போட்டார், ரேடியோ யார் வீட்ல இருந்துச்சு, டூர் பஸ்ல என்ன ஓடுச்சு. எடம் ஞாபகம் வந்தா பாட்டு பின்னாடியே வரும். வரி வரலன்னா முனகச் சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, பாதி வரி தப்பா இருந்தாலும் திருத்தாதீங்க, அந்த தப்பு வரிய அப்படியே டைப் பண்ணித் தேடினா அதே தப்போட யாராவது கமென்ட் போட்டிருப்பாங்க, அங்கயிருந்து பாட்டு கிடைச்சிடும். கூகுள் ஆப்ல மைக்க அழுத்தி முனகினா பாட்ட சொல்ற வசதி 2020ல இருந்து இருக்கு, முயற்சி பண்ணலாம், ஆனா சினிமா அல்லாத பழைய பாட்டுன்னா பெருசா நம்பாதீங்க.

அம்மாகிட்ட தனியா கேளுங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சா ஒருத்தர் பேசுவார் இன்னொருத்தர் தலையாட்டுவார், அவ்ளோதான்.

ரேடியோ சிலோன்னு அவங்க சொல்றது 1967ல இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆயிடுச்சு, ஆனா பேரு மட்டும் நம்ம ஊர்ல மாறவே இல்ல. 1952ல அகில இந்திய வானொலி சினிமா பாட்ட ஓரங்கட்டினப்ப ஜனங்க கூட்டமா அந்தப் பக்கம் திரும்பினாங்க, விவித பாரதி 1957ல வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகல. அதனால அறிவிப்பாளர் பேர கேளுங்க, மயில்வாகனனா, கே.எஸ். ராஜாவா, அப்துல் ஹமீதான்னு. பேரு வந்தா எந்தக் காலம்னு ஓரளவு பிடிபடும், எந்த நிகழ்ச்சின்னும் சொல்லிடுவாங்க, தேடறதுக்கு அது போதும்.

இப்ப இன்டர்நெட்டுக்கு வரலாம். ஒரே ஸ்பெல்லிங்ல தேடினா காவாசிதான் கிடைக்கும். மனோகர், மனோகரன், சிலோன், இலங்கை, பாப், பொப், பொப்பிசை, பைலா, எல்லாத்தையும் மாத்தி மாத்தி போடுங்க. அதோட யூட்யூப்ல யார் பாட்டுக்கு யார் போட்டோ இருக்கும்னு சொல்ல முடியாது, நித்தி பாட்டுக்கு மனோகர் படம் இருக்கும், மனோகர் பேர்ல லோக்கல் ஆர்கெஸ்ட்ரா பாடியிருக்கும். டைட்டில நம்பாம குரல கேளுங்க. சுராங்கனியே நல்ல உதாரணம், 1977ல "அவர் எனக்கே சொந்தம்" படத்துல இளையராஜா இசைல மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடினது ஒண்ணு, மனோகரோடது ஒண்ணு, அப்புறம் மேடைல பாடினது, டிவில பாடினது, பிற்காலத்துல கீபோர்ட் வெச்சு திரும்ப பாடினதுன்னு போயிட்டே இருக்கும். உங்க அப்பா கேட்டது எதுன்னு அவரால பத்து செகண்ட்ல சொல்ல முடியும், ஆரம்ப இசைய மட்டும் போட்டுக் காட்டுங்க. பல்லவி வரைக்கும் விட்டா எல்லா வெர்ஷனும் அவருக்கு பிடிச்சுப் போயிடும்.

ஒரிஜினல் ரெக்கார்ட் எதுன்னு உறுதி பண்ண டிஸ்காக்ஸ் சைட்ல தேடிப் பாருங்க, லேபிள் போட்டோ, ரெக்கார்ட் நம்பர், பக்கத்துக்கு என்ன பாட்டுன்னு எல்லாம் சேகரிக்கிறவங்க ஏத்தி வெச்சிருப்பாங்க. 7 இஞ்ச் இபின்னு சொல்ற சின்ன இசைத்தட்டுனா பெரும்பாலும் பக்கத்துக்கு ரெண்டு, மொத்தம் நாலு பாட்டு, அதுல ஒண்ணு ஹிட்டாகி மத்த மூணு மறந்து போயிருக்கும், நெஜமான புதையல் அந்த மூணுதான். பழைய இலங்கைப் பத்திரிகைகள பார்க்கணும்னா நூலகம் தளம் இருக்கு, ஸ்கேன் பண்ணி இலவசமா வெச்சிருக்காங்க, பழைய இதழ்கள்ல இசை விழா விளம்பரம், பேட்டின்னு துழாவினா பாட்டுப் பேர் ரெண்டு மூணு தேறும்.

அடுத்து கேசட். இது கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க, ஏன்னா விஷயமே இங்கதான் இருக்கு. 80கள்ல ரெக்கார்டிங் சென்டர்ல லிஸ்ட் எழுதிக் குடுத்து 60 இல்ல 90 நிமிஷ காலி கேசட்ல பதிஞ்சு வாங்குவாங்க, அட்டைல கையெழுத்துல பாட்டுப் பேரு இருக்கும். எந்த கம்பெனி போட்ட ஹிட்ஸ் தொகுப்பையும் விட உங்க வீட்டு தொகுப்பு அதுதான், வரிசை உட்பட. பரண்ல கிடைச்சா உடனே பிளேயர்ல சொருகாதீங்க. கேசட் நடுவுல இருக்கிற ஜன்னல் வழியா டேப்ப பாருங்க, வெள்ளை வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா ஓட்டவே கூடாது, கேசட்ல இருந்து பிளேயர்ல டேப்ப படிக்கிற ஹெட்டுக்கு, ஹெட்டுல இருந்து அடுத்த கேசட்டுக்குன்னு பரவும், அத தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. டேப்ப அழுத்துற சின்ன ஸ்பாஞ்ச் விழுந்திருந்தா சத்தம் மங்கலா வரும், வேற பழைய கேசட்ல இருந்து எடுத்து ஒட்டலாம், இல்ல ரீல மட்டும் ஸ்க்ரூ போட்ட நல்ல கூட்டுக்கு மாத்தலாம். எல்லாம் சரின்னா முழுசா ஒரு தடவ முன்னாடி ஓட்டி, முழுசா பின்னாடி ஓட்டிட்டு அப்புறம் பிளே பண்ணுங்க, பல வருஷமா ஒட்டிக்கிட்டு கெடந்த சுத்து இளகும்.

பிளேயரோட ஹெட்ட மெடிக்கல்ல கிடைக்கிற ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல பஞ்ச நனைச்சு துடைங்க, ரப்பர் ரோலர்ல அத அடிக்கடி போடாதீங்க, காஞ்சு வெடிக்கும். இரைச்சல கொறைக்கிற டால்பி பட்டன் ஆஃப்லயே இருக்கட்டும், பதிஞ்சப்ப ஆன் பண்ணியிருந்தாங்கன்னு தெரிஞ்சா மட்டும் போடுங்க. ஆன்லைன்ல விக்கிற சீப்பான யூஎஸ்பி கேசட் பிளேயர வாங்காதீங்கன்னுதான் சொல்லுவேன், ஸ்பீட் ஆடும், பைலா தாளம் கள்ளு குடிச்ச மாதிரி தள்ளாடும். சொந்தக்காரங்க வீட்ல தூங்கற நல்ல கேசட் டெக்க இரவல் வாங்குங்க, பெல்ட் மாத்தினா போதும் பல டெக்குக்கு. டெக்குல இருந்து லேப்டாப் லைன் இன்னுக்கு ஒயர், இல்லனா சின்ன யூஎஸ்பி ஆடியோ பாக்ஸ், மென்பொருளுக்கு இலவச ஆடாசிட்டி. 44.1 கிலோஹெர்ட்ஸ்ல வேவ் ஃபைலா பதியுங்க, மீட்டர் மைனஸ் 6 டெசிபல் கிட்ட நின்னா போதும், செவப்பத் தொட விடாதீங்க. 60 நிமிஷ கேசட்டுக்கு 60 நிமிஷம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. எம்பி3க்கு அப்புறமா மாத்திக்கலாம், வேவ அழிச்சிடாதீங்க.

ஸ்பீட் மட்டும் ஒரு தடவ சரி பாருங்க. ரெக்கார்டிங் சென்டர் மெஷின் லேசா வேகமா ஓடியிருந்தா குரல் கீச்சுன்னு இருக்கும், கிட்டத்தட்ட 6 சதவீதம் வேகம் கூடினா சுருதி அரைக் கட்டை ஏறிடும். ரெக்கார்ட்ல இருந்து எடுத்த நல்ல காப்பியோட பக்கத்துல வெச்சு கேட்டு ஆடாசிட்டில ஸ்பீட கொறைங்க. இரைச்சல் நீக்குற வசதிய கொஞ்சமா போடுங்க, அதிகமாப் போட்டா போங்கோவோட உசிரே போயிடும்.

இன்னொண்ணு, சுத்தமான காப்பிய போட்டுக் காட்டினா "இது அந்தப் பாட்டு இல்லயே"ன்னு அப்பா சொல்லலாம். கோவப்படாதீங்க, அவர் கேட்டது மீடியம் வேவ்லயோ ஷார்ட் வேவ்லயோ, அதுல உச்ச சத்தமும் வராது அடி சத்தமும் வராது, நடுவுல இருக்கிற குரல் மட்டும்தான் வந்திருக்கும். ஈக்வலைசர்ல பாஸையும் ட்ரெபிளையும் நல்லா இறக்கிட்டு ஒரு சின்ன ஸ்பீக்கர்ல போட்டுப் பாருங்க, மூஞ்சி மாறும்.

சேகரிச்சத வீட்ல, சொந்தக்காரங்களோட கேளுங்க, யூட்யூப்ல ஏத்தறதுக்கு முன்னாடி மட்டும் யோசிங்க. இந்தியாவுல ஒலிப்பதிவுக்கு வெளியான வருஷத்துக்கு அடுத்த ஜனவரில இருந்து 60 வருஷம் உரிமை உண்டு, 1976ல வந்த ரெக்கார்டுனா 2036 கடைசி வரைக்கும் கம்பெனியோடது. அப்பா முனகின ரெக்கார்டிங் இருக்கு பாருங்க, அதையும் பாட்டுப் பேர், வருஷம், யார் சொன்னாங்கன்னு எழுதி அதே ஃபோல்டர்ல போட்டு வைங்க, காப்பி ரெண்டு எடத்துல இருக்கட்டும்.